டோக்கியோவின் தெருக்கள் சூத்திரமான கதை

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் இ.சி.இ. படித்தவர்களுக்கு 69.55 என்ற எண் பழக்கமானது. வயர்லெஸ் தாளுக்கு முந்தின இரவு உருப்போடும் ஹாட்டா சூத்திரம் அந்த எண்ணில்தான் தொடங்கும். அடுத்து 26.16, 13.82, 44.9, 6.55 என்று வரிசையாக வரும். பை, ஒளியின் வேகம் போல இயற்கை கொடுத்த எண்கள் அல்ல இவை. எந்தத் தேற்றத்தில் தொடங்கி எத்தனை பக்கம் எழுதினாலும் கணக்கு 69.55-இல் போய் நிற்காது. 1960-களில் டோக்கியோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் அளவீட்டு வண்டிகளில் அலைந்த பொறியாளர்கள் குறித்துவந்த அலை வலிமைகளிலிருந்து பிறந்தவை. அன்றைய டோக்கியோவின் மாடி உயரமும் தெருக்களின் போக்கும் புறநகர் மரங்களும் நகரத்துக்கு வெளியே விரிந்த நெல்வயல்களும் அந்த எண்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. சூத்திரத்தை மனப்பாடம் செய்கிற மாணவர்களுக்கு அந்த ஊரின் கதையை யாரும் சொல்வதில்லை. அது பெரிய குறை.

கதைக்கு முன்னால் கணக்கின் அளவு தெரிய வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரே சீராக 900 மெகாஹெர்ட்ஸ் அலையை வீசும் ஓர் ஆன்டெனா இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு செல்பேசி. இடையில் எதுவுமே இல்லாத வெட்டவெளி என்று வைத்துக்கொண்டால், அனுப்பிய ஆற்றலில் 140 கோடியில் ஒரு பங்கு செல்பேசிக்கு வந்து சேரும். பொறியாளர்கள் இதை 91.5 டெசிபல் இழப்பு என்பார்கள். அதே ஒரு கிலோமீட்டர் பெருநகரத்தின் நடுவே, ஆன்டெனா 30 மீட்டர் உயரத்தில், செல்பேசி தெருவில் நிற்பவர் கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் என்றால், ஹாட்டா சூத்திரம் தரும் விடை 126.4 டெசிபல். நாலு லட்சம் கோடியில் ஒரு பங்குகூட வந்து சேராது. இரண்டுக்கும் நடுவே மூவாயிரம் மடங்கு வித்தியாசம். தூரம் இரட்டித்தால் வெட்டவெளியில் வலிமை நாலில் ஒன்றாகும். நகரத்திலோ பதினொன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும்.

இந்த இழப்புக்குத்தான் பாதை இழப்பு என்று பெயர். அதை முன்கூட்டியே சொல்ல முடியாதவரை, கோபுரத்தை எங்கே நடுவது, ஊருக்கு எத்தனை நடுவது, எவ்வளவு பணம் வேண்டும் என்ற எந்தக் கேள்விக்கும் பதில் கிடையாது.

வெட்டவெளிக் கணக்கு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹரால்ட் ஃபிரீஸ் 1946-இல் ஒரு சிறு கட்டுரையில் அதை ஒரே வரிச் சூத்திரமாக எழுதிக் கொடுத்தார். இன்றும் செயற்கைக்கோள் கணக்குகளுக்கு அதுவே அடிப்படை. மண்ணுக்கு வந்ததும்தான் சிக்கல். தரையில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு சேர்ந்து அதைக் கெடுக்கிறது. மலைமுகட்டில் மோதி வளைகிறது. சுவரில் பட்டுச் சிதறுகிறது. அதே ஆய்வகத்தின் கென்னத் புல்லிங்டன் 1947-இல் இவற்றுக்கெல்லாம் அளவுகோல் படங்கள் வரைந்து கொடுத்தார். படத்தின் இரண்டு கோடுகளில் தூரத்தையும் உயரத்தையும் குறித்து, அவற்றைச் சேர்த்து ஓர் அளவுகோலை வைத்தால் மூன்றாவது கோட்டில் அது வெட்டும் இடத்தில் விடை. கணினி இல்லாத காலத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தப் படங்களுக்கு மலையும் சமவெளியும் தெரியுமே தவிர, நெருக்கியடித்து நிற்கும் கட்டடங்கள் தெரியாது.

கணிப்பு தவறினால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா தொலைக்காட்சியில் அனுபவித்தது. ஒரே சானலில் ஒளிபரப்பும் இரண்டு நிலையங்களை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று போட்ட கணக்கு பொய்த்தது. அலை நினைத்ததைவிட வெகுதூரம் ஓடிப் பக்கத்து ஊர் நிலையத்தின் படத்தைக் கலைத்தது. 1948 செப்டம்பர் 30 அன்று புதிய நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பதையே அரசு நிறுத்திவைத்தது. மறுபடி கதவு திறக்க 1952 ஏப்ரல் ஆயிற்று. புதிய உரிமங்களை மூன்றரை ஆண்டு முடக்கிப் போட்ட தவறு அது.

இழப்பு என்றாலே கெட்டது என்று தோன்றும். செல்பேசிக்கு அது அப்படியல்ல. பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் 1947 டிசம்பரில் ரே யங்கின் துணையோடு ஓர் உள்குறிப்பு எழுதினார். ஊரை அறுகோண அறைகளாகப் பிரித்து, ஓர் அறையில் பயன்படுத்திய அலைவரிசையையே கொஞ்சம் தள்ளியிருக்கும் இன்னோர் அறையில் மறுபடி பயன்படுத்தலாம் என்பது அவர் யோசனை. அது பலிக்க வேண்டுமானால், முதல் அறையின் அலை இரண்டாவது அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தேய்ந்து மடிந்திருக்க வேண்டும். ஆக அலை தன் அறைக்குள் எட்டவும் வேண்டும், அதைத் தாண்டி மடியவும் வேண்டும். ஓர் ஊரின் பல லட்சம் பேர் சில நூறு சானல்களைப் பகிர்ந்துகொள்ள முடிவது இந்தத் தேய்மானத்தால்தான். எத்தனை தூரத்தில் எவ்வளவு தேயும் என்பது தெரியாமல் ரிங்கின் அறுகோணங்களுக்கு அளவு கொடுக்க முடியாது. அந்த யங்கே பின்னாளில் நியூயார்க்கில் 150, 450, 900, 3700 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வைத்து அளந்து, 1952-இல் முடிவுகளை வெளியிட்டார். நகரத்தைக் கணக்கால் பிடிக்க முடியவில்லை, போய் அளந்துதான் ஆக வேண்டும் என்று இறங்கிய ஆரம்பகால முயற்சிகளில் அது முக்கியமானது.

அதைக் கடைசிவரை செய்து முடித்தவர்கள் ஜப்பானியர்கள்.

ஜப்பானில் தொலைபேசி அப்போது நிப்பான் தந்தி தொலைபேசி பொதுக் கழகத்தின் கையில் இருந்தது. அதன் மின் தொடர்பியல் ஆய்வகத்தில் யோஷிஹிசா ஒகுமுரா என்ற பொறியாளரும் அவருடைய சகாக்கள் ஓமோரி, கவானோ, ஃபுகுடா ஆகியோரும் கார் தொலைபேசிக்கு எந்த அலைவரிசை ஒத்துவரும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கீழ் அலைவரிசைகள் நெரிசலாகிவிட்டன. மேலே 400 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிப் போனால் இடம் உண்டு. ஆனால் அங்கே அலை நகரத்துக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. 1962-இல் ஒரு சுற்றும் 1965-இல் இன்னொரு சுற்றுமாக அளவெடுத்தார்கள். 453, 922, 1920 மெகாஹெர்ட்ஸ் உட்படப் பல அலைவரிசைகள். தாழ்ந்த கூரை முதல் மலையுச்சி வரை வெவ்வேறு உயரத்தில் ஒலிபரப்பும் ஆன்டெனாக்கள். அருகிலிருந்து 100 கிலோமீட்டர் வரையிலான தூரங்கள்.

ஓடும் வண்டியில் அலையின் வலிமையை அளப்பது தராசில் சாமான் நிறுப்பது போன்ற வேலையில்லை. 900 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். சுற்றியிருக்கும் சுவர்களில் பட்டுப் பல பக்கத்திலிருந்தும் வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், ஒரு சாண் நகர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். வண்டி நகர நகர, ஏறத்தாழ 17 சென்டிமீட்டருக்கு ஒரு பள்ளம் வீதம் வலிமை சரிந்து சரிந்து எழும். பள்ளம் சில சமயம் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குப் போகும். வீட்டில் நின்று பேசும்போது ஓர் எட்டு தள்ளி நின்றதும் குரல் தெளிவாவது இதனால்தான். ஆக எந்த ஓர் இடத்தில் எடுத்த எந்த ஓர் அளவுக்கும் தனியாக மதிப்பில்லை. சிறு சிறு தெருத்துண்டுகளில் எடுத்த அளவுகளை வரிசைப்படுத்தி, அவற்றின் நடுவில் நிற்கும் அளவைத் துண்டின் அளவாகக் கொண்டார்கள். பிறகு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு அத்தனை துண்டுகளையும் சேர்த்து மறுபடி நடு அளவைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தபோது குழப்பம் அடங்கி, தூரத்தோடு சீராக இறங்கும் ஒரு கோடு தென்பட்டது.

ஒகுமுரா குழுவின் மேதைமை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. நிலத்தை அவர்கள் ஒரே மாதிரியாக நடத்தவில்லை. உயரமான மரமோ கட்டடமோ இல்லாமல், எதிரே முன்னூறு நானூறு மீட்டர் திறந்து கிடக்கும் விளைநிலமும் நெல்வயலும் திறந்தவெளி. வீடுகளும் மரங்களும் சிதறி நிற்கும் கிராமமும் நெடுஞ்சாலையும் புறநகர். மாடிக் கட்டடங்கள் நெருங்கியது நகரம். மேடுபள்ளம் 20 மீட்டருக்குள் அடங்கும் நிலத்தை ஏறக்குறைய சமம் என்று எடுத்துக்கொண்டார்கள். நகரத்துக்கென்று ஓர் அடிப்படை வளைகோடு வரைந்து, மற்றதற்கெல்லாம் அதிலிருந்து இவ்வளவு கூட்டு, இவ்வளவு கழி என்று திருத்தங்கள் கொடுத்தார்கள். தனியாக நிற்கும் குன்றுக்கு ஒரு திருத்தம், சரிவுக்கு ஒன்று, பாதியில் கடலோ ஏரியோ குறுக்கிட்டால் ஒன்று. தெரு அலை வரும் திசையிலேயே ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா என்பதற்குக்கூட ஒன்று உண்டு. அலை வரும் திசையிலேயே ஓடும் தெருவில் வலிமை கூடுதலாக இருந்தது. தெருத்தெருவாகப் போனவர்களுக்குத்தான் இது தெரியவரும்.

முடிவுகள் 1968-இல் ஆய்வகத்தின் இதழில் வெளியாயின. 49 பக்கம். பெரும்பகுதி வளைகோடுகள்.

அந்த ஆண்டை இன்னொரு காரணத்துக்காகவும் கவனிக்க வேண்டும். முதல் சுற்று அளவீடு நடந்த 1962-இல் டோக்கியோவின் கட்டடங்களுக்குச் சட்டப்படி 31 மீட்டர் உயர வரம்பு இருந்தது. நிலநடுக்கத்துக்கு அஞ்சி வாழ்ந்த நகரம் அது. 333 மீட்டர் டோக்கியோ டவர் மட்டும் தனியே எழுந்து நிற்க, மற்றதெல்லாம் அதன் காலடியில் தாழ்ந்து பரவியிருந்தது. 1963-இல் வரம்பு தளர்ந்தது. 1964-இல் ஒலிம்பிக் வந்தது. அதையொட்டி உயர்மட்டச் சாலைகள் நகரத்தின் மேல் ஓடின. 1965-இல் வண்டிகள் மறுபடி புறப்பட்டபோது ஊர் பாதி மாறியிருந்தது. 1968-இல் கட்டுரை வெளியான அதே ஆண்டு, 147 மீட்டர் உயரமும் 36 மாடியும் கொண்ட கசுமிகசெக்கி கட்டடம் திறக்கப்பட்டது. ஜப்பானின் முதல் வானுயர் கட்டடம் அது. வளைகோடுகள் அச்சாகி வெளிவந்த நேரத்தில் அவை காட்டிய டோக்கியோ மறையத் தொடங்கிவிட்டது. இன்று உலகமெங்கும் கணினிகளில் ஓடும் அந்த எண்களில், புகைப்படங்களில் மட்டும் மிஞ்சிய ஒரு தாழ்ந்த நகரம் இருக்கிறது. இதை நினைக்கும்போது அந்தச் சூத்திரத்தின் மேல் தனியான ஒரு மரியாதை வருகிறது.

அந்தக் காலத்தில் ஒரு பொறியாளர் இந்த வளைகோடுகளை வைத்து வேலை செய்த விதமே வேறு. முதலில் ஃபிரீஸ் சூத்திரத்தில் வெட்டவெளி இழப்பைப் போட்டுக்கொள்வார். அடுத்து பெரிய வளைகோட்டுப் படத்தை விரித்து, கீழ்க்கோட்டில் அலைவரிசையைத் தேடி, அங்கிருந்து அளவுகோலை நேராக நிமிர்த்தி, தன் தூரத்துக்கான வளைவைத் தொடும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார். 5 கிலோமீட்டருக்கு ஒரு வளைவு இருக்கும், 10-க்கு ஒன்று இருக்கும். இவருக்கு வேண்டியது 7 என்றால் இரண்டுக்கும் நடுவே கண்ணால் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்தப் படம் 200 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு வரைந்தது. இவருடையது 30 மீட்டர்தான் என்றால் வேறொரு படத்தைப் பார்த்து ஏறத்தாழ 16 டெசிபல் இழப்பைக் கூட்டுவார். செல்பேசி ஆன்டெனாவின் உயரத்துக்கு மூன்றாவது படம், புறநகர் என்றால் நாலாவது. ஒரே ஓர் இடத்துக்கு ஒரு விடை வர இத்தனை. ஒரு நகரத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள். இவ்வளவு பார்த்துச் செய்தாலும் கணிப்புக்கும் நேரில் அளந்ததற்கும் நடுவே 10 முதல் 14 டெசிபல் வரை சிதறல் இருப்பது சாதாரணம். அதாவது பத்து மடங்குக்கும் மேல் முன்னே பின்னே.

அதே கழகத்தின் மசஹாரு ஹாட்டா இந்தக் கைவேலையிலிருந்து பொறியாளர்களை விடுவித்தார். 1980 ஆகஸ்டில் வெளியான அவருடைய கட்டுரையில் புதிய அளவீடு ஒன்றும் இல்லை. ஒகுமுராவின் வளைகோடுகளை எடுத்து, மடக்கை அளவில் அவை ஏறக்குறைய நேர்கோடாக ஓடுவதைக் கண்டு, அந்தக் கோடுகளுக்குச் சமன்பாடு எழுதினார். தொடக்கம் ஓர் எண், சரிவு ஓர் எண். கோபுரம் உயர உயரச் சரிவு மெதுவாகிறது என்பதைத்தான் அந்த 44.9-உம் 6.55-உம் சொல்கின்றன. 30 மீட்டர் கோபுரத்துக்குத் தூரம் பத்து மடங்கானால் 35 டெசிபல் போகும். 200 மீட்டர் கோபுரத்துக்கு 30 டெசிபல்தான் போகும். சூத்திரம் எங்கே செல்லும் என்ற எல்லையையும் அவரே கட்டினார்: 1500 மெகாஹெர்ட்ஸ் வரை, 1 முதல் 20 கிலோமீட்டர் வரை, கோபுரம் 30 முதல் 200 மீட்டர் வரை.

இதில் ஒன்று தொலைந்தது. தெரு எந்தப் பக்கம் ஓடுகிறது, குறுக்கே குன்று உண்டா என்று ஒகுமுரா பார்த்துப் பார்த்துக் கொடுத்த நுணுக்கத் திருத்தங்கள் ஹாட்டாவின் வரிகளில் ஏறவில்லை. கிடைத்தது அதைவிடப் பெரிது. கால்குலேட்டரில் அரை நிமிடம், கணினியில் ஒரு கணம். டோக்கியோவின் 23 வார்டுகளில் கார் தொலைபேசிச் சேவை 1979 டிசம்பர் 3 அன்றுதான் தொடங்கியிருந்தது. உலகின் முதல் வணிகச் செல் வலைப்பின்னல் அது. பிற நாடுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் வலைப்பின்னலை வரையத் தொடங்கிய சரியான நேரத்தில் அவர்கள் கைக்கு ஒரு சூத்திரம் கிடைத்தது. பன்னாட்டு வானொலி ஆலோசனைக் குழுவும் ஒகுமுராவின் வளைகோடுகளைத் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது.

ஐரோப்பா 1800 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறியபோது ஹாட்டாவின் எல்லை 1500-இல் நின்றது. காஸ்ட் 231 என்ற கூட்டாய்வுக் குழு என்ன செய்தது? பழைய 49 பக்கங்களுக்கே திரும்பிப் போனது. ஒகுமுராவின் ஆட்கள் 1920 வரை அளந்து வைத்திருந்தார்கள் அல்லவா, அந்த மேல் வளைகோடுகளை ஆராய்ந்து 2000 வரைக்கும் சூத்திரத்தை நீட்டினார்கள். 69.55 இருந்த இடத்தில் 46.3 வந்தது, பெருநகர மையத்துக்கு மட்டும் 3 டெசிபல் கூடுதல். கார் தொலைபேசிக்காக அளந்தது, கால் நூற்றாண்டு கழித்துச் சட்டைப்பைச் செல்பேசிக்கு உதவியது.

ஏன் அந்தக் கோடு அப்படிச் சரிகிறது என்ற கேள்விக்கு ஒகுமுராவும் பதில் சொல்லவில்லை, ஹாட்டாவும் சொல்லவில்லை. 1988-இல் நியூயார்க்கின் ஜோரம் வால்ஃபிஷும் ஹென்றி பெர்டோனியும் சொன்னார்கள். அலை தெருவுக்குள் புகுந்து புகுந்து வருவதில்லை. கூரைகளின் மேலாகவே, ஒவ்வொரு கூரை விளிம்பிலும் கொஞ்சம் கொஞ்சம் வலிமை இழந்து வந்து, கடைசிக் கூரையின் விளிம்பில் வளைந்து தெருவில் இறங்குகிறது. வரிசை வரிசையாக நிற்கும் கட்டடங்களை வரிசையான திரைகளாக வைத்துக் கணக்கிட்டபோது, அளவீடுகள் காட்டியதற்கு மிக அருகில் சரிவு வந்தது. டோக்கியோவின் வண்டிகள் கண்டு சொன்னதற்குக் காரணம் கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் செல்பேசி 1995-இல் வந்தது. அந்த ஆண்டே சென்னைக்கும் வந்தது. 900 மெகாஹெர்ட்ஸ், ஹாட்டாவின் எல்லைக்குள் கச்சிதமாக உட்காரும் அலைவரிசை. ஆனால் சூத்திரம் சொல்லும் நகரம், புறநகர், திறந்தவெளி என்ற மூன்று பெயர்களும் ஜப்பானியக் கண்ணால் பார்த்து வைத்தவை. அவை ஒன்றுக்கொன்று வெகு தூரம். 900 மெகாஹெர்ட்ஸில் நகரத்துக்கும் புறநகருக்கும் 10 டெசிபல், நகரத்துக்கும் திறந்தவெளிக்கும் 28.5 டெசிபல். தென்னந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடுகள் நெருங்கிய ஊரை இந்த மூன்றில் எதில் சேர்ப்பது? தவறாகச் சேர்த்தால் கோபுரம் ஒன்று வீணாகும், அல்லது ஒரு தெருவே 'டவர் இல்லை' என்று தவிக்கும். சூத்திரத்தைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. தான் எந்த ஊரில் பிறந்தேன் என்பதை அது மறைக்கவே இல்லை.

2013-இல் அமெரிக்கப் பொறியியல் அகாதமியின் டிரேப்பர் பரிசு, செல்பேசி வலைப்பின்னலுக்கு அடித்தளம் போட்ட ஐந்து பேருக்குக் கிடைத்தது. கையடக்கச் செல்பேசியின் மார்ட்டின் கூப்பர், பெல் ஆய்வகத்தின் ஜோயல் எங்கலும் ரிச்சர்ட் ஃபிரெங்கீலும், நார்டிக் நாடுகளின் தாமஸ் ஹாக், ஐந்தாவதாக யோஷிஹிசா ஒகுமுரா. முதல் வண்டி டோக்கியோவில் புறப்பட்டு அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

வண்டிகள் நிற்கவில்லை. புதிய ஊரில் வலைப்பின்னல் போடுமுன் ஆர்.எஃப். பொறியாளர்கள் கோபுரம் வரப்போகும் இடத்தில் மொட்டைமாடியில் ஒரு தற்காலிக ஆன்டெனாவை நிறுத்தி, ஒரே சீரான அலையை விடுவார்கள். கீழே வாடகைக் கார் ஒன்று தெருத்தெருவாகப் போகும். கூரைமேல் காந்தத்தில் ஒட்டிய சிறு ஆன்டெனா, பக்கத்தில் ஜி.பி.எஸ்., பின்இருக்கையில் மடிக்கணினி. 40 அலைநீளத்துக்குள் 36 அளவுகளாவது வேண்டும் என்று வில்லியம் லீ 1985-இல் வகுத்த விதிப்படி, 900 மெகாஹெர்ட்ஸில் 13 மீட்டருக்கு ஒரு சராசரி எடுக்கப்படும். சந்து பொந்தெல்லாம் முடிந்து, மாலையில் திரையின் வரைபடத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள் நிறைந்திருக்கும். அலுவலகத்தில் அந்தப் புள்ளிகளைத் திட்டமிடும் மென்பொருளில் ஏற்றி, சூத்திரத்தின் கோட்டை அவற்றோடு பொருத்துவார்கள். கோடு மேலேயோ கீழேயோ கொஞ்சம் நகரும். அப்போது முதல் கட்டத்தில் இருக்கும் டோக்கியோவின் எண் அழிந்து, அந்த ஊரின் எண் ஏறும்.